தரகன் படமும் மச்சானின் தொண்டையும்

மே 11, ஞாயிறு

மழை இல்லை. வெயிலும் இல்லை. புழுக்கம் மட்டும். கிழக்குக் கோட்டை பஸ் ஸ்டாண்டு பூராவும் வேர்வை வாடை. டீக்கு ஆள் குறைவு, எலுமிச்சம்பழ வெள்ளத்துக்குத்தான் கூட்டம் (இங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர்). டீ மாஸ்டராகிய நான் எலுமிச்சை பிழிந்தே கை காந்திப் போனேன்.

வேலைகள்:
அடுப்பு ரப்பர் குழாய் மாற்ற வேண்டும்.
இசக்கிக்கு முட்டுவலித் தைலம்.
மச்சானைக் கையெழுத்துப் போட வைக்க வேண்டும்.

முதல் இரண்டும் முடிந்தது. மூன்றாவது, மலை.

மச்சான் என்றால் தங்கராசு, என் வீட்டுக்காரி இசக்கியின் கூடப்பிறந்த அண்ணன். தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர். அவரும் நானும் ஒரே பஸ்ஸில் திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்தவர்கள். அவர் பெண்சாதி செத்த பிறகு எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுக்கை. சாலைக் கடைத்தெருவில் ‘மாம்பழமேய்’ என்று ஒரு சத்தம் விட்டால் அக்ரகாரத்தில் கதவு திறக்கும். அந்தத் தொண்டைதான் இப்போது கெட்டுவிட்டது. பொங்கலில் இருந்து கரகரப்பு. கூவிக் கூவிக் கட்டிவிட்டது என்று மிளகுக் கஷாயம் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அது கட்டு இல்லை. கான்சர்.

குரல் பெட்டியையே எடுக்க வேண்டுமாம். கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு. பேச்சு இருக்காது. எடுக்காவிட்டால் இந்தத் தீபாவளி கஷ்டம் என்று இசக்கியிடம் டாக்டர் தனியாகச் சொன்னார். 21ஆம் தேதி ஆபரேஷன், 19 அட்மிட். விட்டால் வரிசை நீளம், அடுத்தது எப்போது என்று தெரியாது.

மச்சான் ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

“ஊமையா நின்னு என்னத்தலே விக்க? வண்டில பழத்தை வச்சிட்டுக் கும்பிட்டுட்டு நிக்கச் சொல்லுதியா?”

“அது நல்லாத்தான இருக்கும் மச்சான். சாமின்னு நெனச்சு உண்டியல்ல போடுவாங்க.”

பீடிக் கட்டை எடுத்து என் மேல் எறிந்தார். தீர்ந்துபோன கட்டு. அது பரவாயில்லை.

மே 13, செவ்வாய்

சாயங்காலம் தூறல். பிறகு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி. டா. பொறுமையான ஆள். கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று காட்டினார். இன்னொரு நோயாளி அதை வைத்து “சுகம்தானா” என்று கேட்டார். தகரத்தில் வண்டு விழுந்த மாதிரி ஒரு சத்தம். மச்சான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். இசக்கி அழுதாள். நான் அந்த நோயாளியிடம் “சுகம்தான்” என்றேன். யாராவது பதில் சொல்ல வேண்டாமா.

பஸ்ஸில் திரும்பும்போது மச்சானே ஒரு வழி சொன்னார்.

“வெள்ளிக்கிழமை தரகன் படம் வருதுல்லா. அதைப் பாத்துட்டு வந்து போடுதேன்.”

“சத்தியமா?”

“ஏலே, தரகன் மேல சத்தியம்.”

இசக்கிக்கு முகம் தெளிந்துவிட்டது. வீட்டில் ரசம் வைத்தாள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

தரகன் சார் எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரு சொந்தக்காரர் மாதிரி. டி.வி. தொடர், மலையாளம். தரகன் என்பது பேர்தான், தரகு வேலை இல்லை. ரிட்டயர்டு போலீஸ்காரர், கையில் குடை, ஒரு கால் சவட்டல், நொண்டித்தான் நடப்பார். துப்பாக்கி கிடையாது. ஓடமாட்டார். ஒவ்வொரு கதையும் முடிகிற நாளில் சந்தேகப்பட்ட எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, கனத்த குரலில், அவசரமே இல்லாமல், யார் கொன்றது, ஏன் கொன்றது என்று சொல்லுவார். மச்சானுக்கு அந்தக் கடைசிப் பேச்சு என்றால் உயிர். மறுநாள் வண்டி தள்ளிக்கொண்டே அந்தக் குரலில்தான் பேசுவார். “பெண்களே, இந்த அன்னாசியைக் கொன்றது யார்?” மாமிகள் சிரித்துக்கொண்டு வாங்குவார்கள். தொடர் நின்று ரொம்ப நாள் ஆயிற்று. இப்போது சினிமாவாக வருகிறது.

மே 16, வெள்ளி

எங்கிருந்து எழுத.

மேட்னி. ஷிபு அண்ணன் (பக்கத்து வீடு, ஆட்டோக்காரர்) வண்டியில் நாங்கள் நாலு பேர். மச்சான் சலவைச் சட்டை, கழுத்தில் துண்டு. இசக்கி முறுக்கு கட்டிக்கொண்டு வந்தாள், வாசலில் பிடுங்கிவிட்டார்கள்.

படத்தைப் பற்றி:
தரகன் சார் ஓடுகிறார்.
போட்டில் நின்று பத்துப் பேரை அடிக்கிறார். சவட்டுக் காலால்.
குடைக்குள் துப்பாக்கி.
வெளிநாட்டில் ஒரு பாட்டு. பனியில் ஆடுகிறார். அந்தப் பெண்ணுக்கு அவர் பேத்தி வயது.
கொலைகாரன் யார் என்று முதல் சீனிலேயே காட்டிவிட்டார்கள். அது தரகனின் இரட்டைத் தம்பி. அதே ஆள், மீசை மட்டும் வேறு.
கடைசியில் அறையும் இல்லை, பேச்சும் இல்லை. ஹெலிகாப்டர்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். காசு கொடுத்து உட்கார்ந்தால் எதையும் பார்ப்பேன். ஆனால் தரகன் முதல் தடவை வாயைத் திறந்ததும் தியேட்டரே சிரித்தது. குரல் வேறு. மெலிந்த குரல், மூக்கால் பேசுகிற மாதிரி. முகம் அதே முகம். குடை அதே குடை.

பின்னால் ஒருவன், “டேய், தரகனுக்கு ஜலதோஷம், விக்ஸ் கொடுங்கடா.” ஒரே கூவல். நானும் கூவினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாய் சும்மா இருக்காது. பிறகு பக்கத்தில் பார்த்தேன். மச்சான் சிரிக்கவில்லை. துண்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தரகன் பேசும்போதெல்லாம் அவர் கை இறுகியது.

இடைவேளையில் போய்விடலாம் என்றேன். தலையாட்டினார், முடியாது என்று. கடைசி வரை உட்கார்ந்தார். பாதி சீட் காலி.

ஆட்டோவில் ஷிபு அண்ணன்தான் சொன்னார். “அண்ணா, ஒரு காரியம் கேட்டோ. தொடர்ல பேசினது அந்த நடிகன் இல்ல. பின்னால வேற ஒரு ஆளு நின்னு பேசினதாக்கும். சினிமாக்கு அந்த ஆளைக் கூப்பிடல. இவன் தானே பேசிட்டான். இதுதான் இவனோட சொந்த சப்தம்.”

மச்சான் ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பழவங்காடி தாண்டியதும் கரகரவென்று கேட்டார்:

“அப்ப இத்தன வருசமா நாம யாரைலே பாத்துக்கிட்டு இருந்தோம்?”

ஷிபு அண்ணன் ஆட்டோவை முடுக்கினார்.

மே 17, சனி

விடிகாலை நல்ல மழை. ஓட்டில் ஒழுகல், பாத்திரம் வைத்தோம்.

மச்சான் கையெழுத்துப் போடமாட்டாராம்.

இசக்கி: “அன்னைக்கு சத்தியம் பண்ணினியே அண்ணே.”

மச்சான்: “தரகன் மேல பண்ணினேன். தரகன்தான் செத்துட்டானே.”

“வெளையாடாத.”

“வெளையாடல பிள்ள. மூஞ்சி இருந்துச்சு, குடை இருந்துச்சு. ஆளு இல்ல. பாத்தல்லா? குரலை எடுத்துட்டா மிச்சம் இருக்கது எவனோ. அந்த எவனோவா நான் இருக்க மாட்டேன்.”

இசக்கி என்னைப் பார்த்த பார்வை. படத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று டிக்கெட் எடுத்தது நான். கூவினதும் நான்.

கடையில் இன்று இரண்டு கிளாஸ் உடைத்தேன். முதலாளி தானே குனிந்து பொறுக்கிப் போட்டார். அது இன்னும் கஷ்டம்.

சாயங்காலம் மச்சான் வண்டியை எடுத்தார். கூடப் போனேன். சேலத்துப் பழம், நல்ல வாசம். கூவப் பார்த்தார். காற்றுதான் வந்தது. ஆள் பக்கத்தில் வந்தால்தான் பழம் விற்கிறார் என்றே தெரிகிறது. பழம் பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

மே 18, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

காலையில் சாலைக் கடைத்தெருவில் ஒரு வெங்காய வண்டி பார்த்தேன். விற்கிறவன் வாயை மூடி வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறான், வண்டியில் கட்டிய ஸ்பீக்கர் கத்துகிறது. பட்டனை அமுக்கிப் பேசினால் பதிந்துகொள்ளும், பிறகு அதுவே திரும்பத் திரும்பச் சொல்லும். தினமும் பார்க்கிற சாதனம்தான். இன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அந்தத் தெருவிலேயே ஒன்று வாங்கி ஓட்டமாக வந்தேன்.

மச்சான் முன்னால் வைத்தேன்.

“மச்சான், உங்க குரலை டாக்டர் எடுக்கதுக்கு முன்னால நாம எடுத்துருவோம்.”

திருப்பித் திருப்பிப் பார்த்தார். பகல் சாப்பாடு முடிந்து, படுத்து எழுந்து, பிறகு சொன்னார்:

“எல்லாப் பழமும் போடணும். வருசம் பூரா ஓடணும்.”

“போடுவோம்.”

“என் வண்டில வேற எவன் குரலும் வரக்கூடாது. ஒன் குரலும்தான். நான் செத்தாலும்.”

“என் குரலைக் கேட்டா எவன் மச்சான் பழம் வாங்குவான்.”

“அதுஞ் சரிதான்” என்றார். கையெழுத்துப் போட்டார். இசக்கி அந்தப் பேனாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

நாளைக் காலை பதிவதாக ஏற்பாடு. தொண்டைக்குச் சுடுவெள்ளம், தேன், பேசாமல் இருக்க வேண்டும். அது அவருக்கும் எனக்கும் போட்ட உத்தரவு.

அப்படியே இருந்திருக்கலாம். சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் எல்லாரும் படத்தைப் பற்றி வசை. எப்படி முடித்திருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு கதை. ஷிபு அண்ணனும் ஒன்று சொன்னார், அதில் அவர் ஆட்டோ வருகிறது. நான் சொன்னேன், “இங்க ஒரு தரகன் இருக்கும்போது நீங்க என்னத்துக்கு.” சும்மா வாயில் வந்ததுதான்.

மச்சான் எழுந்தார். இசக்கி “அண்ணே வேண்டாம்” என்றாள். கேட்கவில்லை. என் குடையை எடுத்தார். காலைச் சவட்டி நடந்தார். எங்கள் எல்லாரையும் படியில் உட்காரச் சொன்னார், தரகன் சார் கையைக் காட்டுவாரே, அதே மாதிரி. பேச ஆரம்பித்தார்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கரகரப்பு போய்விட்டது. கனமான குரல், அவசரம் இல்லை. ஒவ்வொரு ஆளாகக் குடையால் சுட்டி, நீ அன்றைக்கு எங்கே போனாய், நீ எதை மறைக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு, மூச்சு விட இடம் விட்டு, கடைசியில் கொலைகாரன் சீட்டில் இருந்து எழுந்து ஓடாமல் தானாகவே கையை நீட்டுகிற மாதிரி முடித்தார். இரட்டைத் தம்பி இல்லை, ஹெலிகாப்டர் இல்லை. யார் கொலை செய்தது என்று கேட்டால் இப்போது எனக்கு நினைவில்லை. குரல்தான் நினைவிருக்கிறது.

பதிந்து வைக்க ஒருத்தனும் போனை எடுக்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டோம். ஷிபு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதாக்கும் படம்” என்றார்.

மே 19, திங்கள்

மூட்டம். ஆஸ்பத்திரிப் பை கட்டியாயிற்று: போர்வை 1, ஃபிளாஸ்க், தட்டு, ஆதார், டா. சீட்டு, லுங்கி 3.

காலையில் கொல்லையில் வைத்துப் பதிவு. இசக்கி வரிசை சொன்னாள்: மாம்பழம், நேந்திரன், அன்னாசி, கொய்யா, சீத்தாப்பழம், ஆரஞ்சு. வண்டியில் மாம்பழம் இருக்கிறதே, அதிலிருந்து ஆரம்பிப்போம் என்றோம். எல்லாருக்கும் அதுதான் சரி என்று பட்டது.

முதல் தடவை, காற்று. இரண்டாவது, நடுவில் உடைந்தது. மூன்றாவது, இருமல், ரத்தம் கொஞ்சம். நேற்று எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டார். நிறுத்துவோம் என்றேன். கையை ஓங்கினார். சுடுவெள்ளம் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றார். பிறகு விட்டார் ஒரு சத்தம்.

“மாம்பழமேய்... சேலத்து மாம்பழமேய்... தேனாட்டம் இருக்கு, வாங்க தாயி...”

பழைய மச்சான். பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டுக் கேட்டோம். சுத்தமாகப் பதிந்திருந்தது. அடுத்து நேந்திரன். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். உதடு மட்டும் அசைந்தது. கொய்யா, சீத்தா, எதுவும் இல்லை.

இசக்கி அப்போது மறுபடி கேட்டாள். “பழம் போகட்டும். என் பேரைச் சொல்லி ஒரு வாட்டி கூப்பிட்டு வையி அண்ணே.” காலையில் முதலிலேயே கேட்டிருந்தாளாம், கடைசியில் சொல்கிறேன் என்றாராம்.

முயற்சி பண்ணினார். நான் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மத்தியானம் அட்மிட்.

மே 21, புதன்

மழையா வெயிலா, பார்க்கவில்லை.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என்னை விரலால் கூப்பிட்டார். குனிந்தேன். காதில் ஏதோ சொன்னார். மூச்சு சூடாக இருந்தது, வார்த்தை வரவில்லை. சரி மச்சான், சரி மச்சான் என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று தெரியாது.

சாயங்காலம் முடிந்தது. நல்லபடியாக என்றார் டா.

மே 29, வியாழன்

பலத்த மழை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சாக்கு விரித்திருக்கிறார்கள்.

மூக்கில் குழாய், கழுத்தில் ஓட்டை. சளி எடுக்க இசக்கிக்கு நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள், நன்றாகச் செய்கிறாள். எனக்கு அது வரவில்லை, கிண்ணம் பிடிக்கிறேன்.

மச்சான் எதற்கும் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். தண்ணி என்றாலும் தட்டு, வலி என்றாலும் தட்டு.

இன்றைக்குச் சும்மா ஒன்று சொல்லிப் பார்த்தேன். “மச்சான், இத்தன வருசத்துல இப்பத்தான் என்னை முழுசா பேச விட்டிருக்கிய.” சிரிக்கத் தொடங்கினார், அது கழுத்து வழியாகப் புஸ்ஸென்று வந்தது. அந்தச் சத்தம் அவருக்கே புதுசு. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் தண்ணி.

இனிமேல் கேலி வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். திருப்பி அடிக்க முடியாத ஆளைக் கேலி பண்ணினால் அது அடிதான்.

செப். 19, வெள்ளி

எழுதி ரொம்ப நாள். கரண்டு (ரேடியேஷன்) வைத்தல் எல்லாம் முடிந்தது. மச்சான் பாதி ஆள். கழுத்தில் வெள்ளைத் துணி.

மழை விட்டு வெயில். நவராத்திரி வருகிறது, பழத்துக்கு ஆள் இருக்கும். மச்சான் கேட்காமல் வண்டியைக் கழுவினார். சீத்தாப்பழமும் கொய்யாவும் ஏற்றினார். ஸ்பீக்கரைக் கட்டினார். கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூட.

அக்ரகாரத்துக்குள் நுழைந்ததும் பட்டனை அமுக்கினார்.

“மாம்பழமேய்... சேலத்து மாம்பழமேய்...”

கதவு திறந்தது. ஒரு மாமி கூடையோடு இறங்கி வந்தாள்.

“வாங்கோ வாங்கோன்னு மாம்பழத்தைக் கூவறேளே, வண்டில சீத்தாப்பழம்னா இருக்கு? இந்த மாசத்துல மாம்பழம் ஏதுன்னு நெனச்சுண்டேதான் வந்தேன்.”

மச்சான் ஒரு நல்ல சீத்தாப்பழத்தை எடுத்து நீட்டினார். நான் சொல்ல வாயெடுத்தேன், என் கையைப் பிடித்து அமுக்கினார். மாமி அவர் கழுத்துத் துணியைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். அது பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனாள்.

எல்லாரும் அப்படி இல்லை. அடுத்த தெருவில் ஒருத்தன், ஆளைப் பற்றிக்கிறாயா, ஏமாற்றுகிறாயா என்று சண்டைக்கு வந்தான். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் “மாம்பழமேய், மாம்பழமேய்” என்று ஓடி வந்தன. மச்சான் நிறுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

வீட்டில் இசக்கி: “நான் கூவுதேன் அண்ணே. அழிச்சிட்டுப் புதுசா போட்டுருவோம். யாருக்குத் தெரியப் போவுது.”

பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தலையை ஆட்டினார், இல்லை என்று. விரலால் டி.வி.யைக் காட்டினார். அது ஓடவில்லை. தரகனைத்தான் சொல்கிறார் என்று இசக்கிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செப். 20, சனி

காலையில் பனி மாதிரி தூறல். மச்சான் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார், தனியாக.

கடையில் நல்ல கூட்டம். பஸ் இரைச்சலுக்கு நடுவில் கோட்டை வாசல் பக்கமிருந்து வருகிறது, மாம்பழமேய், தேனாட்டம் இருக்கு. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு சார், கையில் ஆபீஸ் பை, காதைத் தீட்டினார்.

“இப்போ எங்கேயாக்கும் மாம்பழம்?”

“இருக்கும் சார். போய்ப் பாருங்க.”

கிளாஸை வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கோபம்.

“மாங்காவும் இல்ல, ஒரு தேங்காவும் இல்ல. எங்கடான்னு எத்தர தடவ கேட்டேன். ஒரு வாக்கு பேசல அவன். மூஞ்சியைப் பாத்துட்டு நிக்குறான். என்னொரு அகங்காரம்.”

“ஆமா சார்” என்றேன். “அவன் எப்பவும் அப்படித்தான். வாயே திறக்க மாட்டான்.”

அவருக்கு இன்னொரு டீ போட்டேன்.